நிற்கிற குதிரையை என்ன செய்வது? ஐந்து யோசனைகளும் என் முடிவும்

குதிரையில் தடை தாண்டும் போட்டி, மூன்றாவது ஜம்ப். 80 சென்டிமீட்டர் உயரம், அடியில் நீலமும் வெள்ளையுமாக ஒரு பலகை. நான்கு ஸ்ட்ரைடு (ஓட்டத்தில் ஒரு எட்டு) தூரத்திலேயே என் குதிரை செவலையின் காதுகள் விறைத்துக்கொண்டன. மூன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேன். ஒன்று வரவே இல்லை. முன்னங்கால் இரண்டையும் மணலில் ஊன்றி அவள் நின்றுவிட்டாள். நான் நிற்காமல் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். சுற்றிக்கொண்டு மறுபடி வந்தோம், மறுபடி நின்றாள். மணி அடித்துவிட்டார்கள். பன்னாட்டு விதிப்படி முதல் தடவை மறுத்தால் நான்கு பெனால்டி, இரண்டாம் தடவை மறுத்தால் வெளியே. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து குதிரையை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த எனக்கு மைதானத்துக்குள் கிடைத்தது ஒரு நிமிடம்கூட இருக்காது.

வெளியே வரும்போது வேலியோரம் நின்றிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் "சண்டிக்குதிரை" என்றார். தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருப்பது அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இல்லை.

செவலை ரேஸிலிருந்து வந்தவள். நம் ஊர்ப் பக்கம் ரைடிங் ஸ்கூல்களில் நிற்கும் குதிரைகளில் நிறைய இப்படித்தான்: ஓட்டம் போதவில்லை என்றோ காலில் ஏதோ வந்ததென்றோ ரேஸ் லாயத்திலிருந்து கழித்துவிட்ட தரோபிரெட்கள், அதாவது ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம். மூன்று வயதில் நேராக ஓடு, வேகமாக ஓடு என்று மட்டும் கற்றுக்கொண்ட பிராணியிடம், ஒன்பது வயதில் வண்ண வண்ணக் கட்டைகளைத் தாண்டச் சொல்கிறோம். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் நான் முப்பத்தைந்து வயதுக்கு மேல் குதிரையேற்றம் கற்றவன். இரண்டு பேருக்கும் ஜம்ப்பிங் புதிது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் முடிவுக்கு அது முக்கியம்.

அந்த வாரம் முழுக்க ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சவுக்கை எடு, இடம் கொடுக்காதே. தரையில் கட்டை போட்டு அடியிலிருந்து ஆரம்பி. மூன்று மாதம் ட்ரெய்னரிடம் விட்டுவிடு. நீ முதலில் அனுபவமுள்ள குதிரையில் கற்றுக்கொண்டு வா. விற்றுத் தொலை. ஐந்தையும் யோசித்துப் பார்த்தேன். சிலவற்றைச் செய்தும் பார்த்தேன்.

வலியா, பயமா?

ஐந்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் பெரும்பாலானோர் காசைத் தொலைக்கிறார்கள். நானும் முதலில் தொலைத்தேன், ஒரு புதுக் கடிவாளத்துக்கு.

குதிரைக்கு வலிக்கிறது என்று சொல்ல வாய் இல்லை. நிற்பதுதான் அதன் வாய். முன்னங்குளம்பில் நோவு இருந்தால், இறங்கும்போது மொத்த உடம்பின் பாரமும் அதில்தான் விழும். இரண்டு முறை அனுபவித்த குதிரை மூன்றாம் முறை எதற்குத் தாண்டும்? முதுகெலும்பு, பல், வயிறு என்று பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் இருக்கின்றன. குதிரையின் வயிற்றில் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் ஊறிக்கொண்டே இருக்கும். புல் குறைவு, தானியம் அதிகம், நீண்ட நேரம் வெறும் வயிறு என்று வளர்ந்த ரேஸ் குதிரைகளில் வயிற்றுப் புண் சர்வ சாதாரணம். வயிறு எரியும் குதிரை, காலால் பக்கவாட்டில் அழுத்தினாலே வாலைச் சுழற்றும். நாம் அதைத் திமிர் என்போம்.

பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சூ டைசன் 2018-இல் தன் குழுவோடு ஒரு பட்டியலை வெளியிட்டார். ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள் அதில் இருக்கின்றன: காதைப் பின்னால் மடிப்பது, வாயைத் திறப்பது, தலையை ஆட்டுவது, தடுக்குவது என்று. அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் கணக்கு. செல்போன் வீடியோவை வைத்துக்கொண்டு செவலைக்கு நானே எண்ணிப் பார்த்தேன், ஆறு வந்தது. எட்டு இல்லையே என்று நிம்மதிப்படவும் முடியவில்லை, ஆறு இருக்கிறதே என்று முடிவெடுக்கவும் முடியவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன். ஒருநாள் சேணத்தை இறக்கியதும் "சார், இங்க பாருங்க" என்று அதன் அடித்துணியைப் புரட்டிக் காட்டினார். துணி முழுக்க வேர்வை ஊறி நனைந்திருந்தது. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுக்கு இரண்டு பக்கமும் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு. குதிரையின் முதுகிலும் அதே இடத்தில் முடி காய்ந்து கிடந்தது. சேணம் அங்கே இறுக்கி அழுத்துகிறது, அதனால்தான் அந்த இடத்தில் வேர்க்கவே இல்லை. ரேஸிலிருந்து வந்தபோது ஒடிசலாக இருந்தவள் ஒரு வருஷத்தில் தோளும் முதுகும் பிடித்துவிட்டாள்; சேணம் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. மருத்துவர் வந்து விரலால் அழுத்தியதும் முதுகை வெடுக்கென்று தாழ்த்தினாள். மூன்று வாரம் ஏறவில்லை. அகலமான சேணம் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. வலி போன பிறகும் செவலை நின்றாள். வலித்த காலத்தில் கற்றுக்கொண்டதை, வலி போன உடனே மறந்துவிட அவளுக்குக் காரணம் ஒன்றும் இல்லையே.

எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

நிற்பதில் வகை இருக்கிறது. ஐந்தாறு ஸ்ட்ரைடுக்கு முன்னாலேயே வேகம் செத்துக்கொண்டே வந்து நிற்பது ஒன்று. நன்றாக வந்து கடைசி நொடியில் சறுக்கி நிற்பது இன்னொன்று. எப்போதும் இடது பக்கமே ஒதுங்கி ஓடுவது மூன்றாவது. தண்ணீர்த் தொட்டி, பலகை, பூச்சட்டி மாதிரி புதுசாக ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் நிற்பது நான்காவது. ஒதுங்கி ஓடும் குதிரைக்கு நேராக ஓட்டிப் பழக்க வேண்டும். புதுசைக் கண்டு நிற்கும் குதிரைக்குப் புதுசைப் பழசாக்க வேண்டும். கடைசி நொடியில் சறுக்கும் குதிரையில், முக்கால்வாசி நேரம் பார்க்க வேண்டியது மேலே இருப்பவனை.

குதிரையின் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. சுற்றிலும் கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். தெரியாதது முதுகுக்குப் பின்னால் கொஞ்சமும், நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்சமும். அதாவது தாண்டக் காலைத் தூக்கும் அந்தக் கடைசிக் கணத்தில் தடையே அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. முன்னால் பார்த்து வைத்த ஞாபகத்தில்தான் தாண்டுகிறது. அந்த நேரம் பார்த்து நாம் கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்து அதன் தலையைத் தூக்கிவிட்டால் அது என்ன செய்யும், பாவம். நிறமும் நமக்குத் தெரிகிற மாதிரி அதற்குத் தெரியாது. நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கஷ்டம். பிரிட்டனில் ரேஸ் தடைகளில் காலங்காலமாக இருந்த ஆரஞ்சு நிறத்தை, எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு வெள்ளைக்கு மாற்றினார்கள். நமக்குப் பளிச்சென்று தெரிந்த ஆரஞ்சு, புல்தரையின் மேல் குதிரைக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. அந்த நீலப் பலகையை செவலை அப்படி வெறித்ததற்கும் இதில் கொஞ்சம் காரணம் இருக்கலாம்.

என் வீடியோவை வேகம் குறைத்துப் பார்த்தேன். அவள் நிற்பதற்கு இரண்டு ஸ்ட்ரைடு முன்னால் என் தலை குனிகிறது. தடையின் அடியைப் பார்க்கிறேன். தோள் முன்னால் சாய்கிறது. கால் பின்னால் நழுவுகிறது. கை இழுக்கிறது. போ என்று வாயால் சொல்லிவிட்டு உடம்பு முழுவதாலும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்புறம் எங்கள் கோச் அவள்மேல் ஏறி அதே தடையை இரண்டு முறை தாண்டிக் காட்டினார். மூன்றாம் முறை அவருக்கும் தயங்கினாள், ஆனால் தாண்டினாள். அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு எல்லாவற்றையும் விட உதவியது. பயம் இரண்டு பேரிடமும் இருக்கிறது, என்னிடம் அதிகம் என்று தெரிந்தது.

சரி, இனி அந்த ஐந்து யோசனைகள்.

சவுக்கு

இதை மட்டும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக், பெண்கள் மாடர்ன் பென்டத்லான். ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த போட்டி, குதிரையில் தடை தாண்டுவதும் அப்போது அதில் ஒன்று. குதிரையைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். பழகிக்கொள்ள 20 நிமிடம்தான். ஜெர்மனியின் அனிகா ஷ்லோய் தங்கம் வெல்லும் இடத்தில் இருந்தார். அவருக்கு விழுந்தது செயின்ட் பாய் என்ற குதிரை. அது அதற்கு முன்பே வேறொரு வீராங்கனைக்கு அதே தடைகளில் நின்று நின்று நொந்துபோயிருந்தது. ஷ்லோய் அழுதுகொண்டே சவுக்கால் அடித்தார், வேலிக்கு வெளியிலிருந்து அவருடைய பயிற்சியாளர் "அடி" என்று கத்தினார், குதிரையைக் கையால் குத்தவும் செய்தார். பயிற்சியாளரை ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றினார்கள். ஷ்லோய் 31-ஆவது இடம். அந்த அமளிக்குப் பிறகு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட்டார்கள்.

பயந்த குதிரையை அடித்தால், தடையும் அடியும் அதன் மனசில் ஒன்றாகிவிடும். ஏற்கெனவே நம்பிக்கையுள்ள, சோம்பலாக வரும் குதிரைக்குச் சரியான நேரத்தில் காலுக்குப் பின்னால் லேசாக ஒரு தட்டு என்பது வேறு விஷயம். அந்தச் சரியான நேரம் எனக்குக் கைவராதது. அதனால் இந்த யோசனை முதல் நாளே போயிற்று.

ஆனால் இந்தக் கட்சிக்காரர்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. குதிரை நின்றதும் நாம் சட்டென்று திருப்பி ஓட்டிக்கொண்டு போனால், நின்றால் தப்பிக்கலாம் என்று அது கற்றுக்கொள்ளும். நின்றால் திருப்பக் கூடாது. தடையைப் பார்த்தபடி நிறுத்தி வைத்து, யாரையாவது விட்டுக் கட்டையைக் கீழே இறக்கி, நின்ற இடத்திலிருந்தே நடந்தாவது தாண்டவைக்க வேண்டும். இதற்காகத்தான் தடை சின்னதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். 40 சென்டிமீட்டரில் இது முடியும், 90-இல் முடியாது.

தரையிலிருந்து ஆரம்பிப்பது

நான் தேர்ந்தெடுத்தது முக்கியமாக இது. அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன், ஒருதலைப்பட்சம் என்று நினைத்தாலும் சரி.

எங்கள் மைதானத்தில் விலை உயர்ந்த கம்பங்கள் கிடையாது. சவுக்கு மரக் கட்டையை இழைத்துப் பெயின்ட் அடித்தவை. முதல் வாரம் அவற்றைத் தரையில் மட்டும் போட்டோம், டிராட்டுக்கு (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்) 1.3 மீட்டர் இடைவெளியில் நான்கு. செவலை முதல் நாள் இரண்டைத் தட்டினாள், ஒன்றை மிதித்தாள். மூன்றாம் நாள் கழுத்தை நீட்டி, எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்துப் போனாள். அப்படிப் பார்ப்பதைத்தான் நான் அதுவரை அவளுக்குக் கற்றுத் தரவே இல்லை. ரேஸ் பழக்கத்தில் தலையைத் தூக்கி வேகம் எடுப்பாள். நான் பயந்துபோய் இழுப்பேன்.

இரண்டாம் வாரம், கட்டைகளுக்கு 2.7 மீட்டர் தள்ளி ஒரு சின்ன கிராஸ், இரண்டு கட்டைகளைப் பெருக்கல் குறி மாதிரி சாய்த்து வைத்தது. நடுவில் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. கிராஸின் அழகே, இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவே தாழ்ந்திருப்பதால் குதிரை தானாக நடுவுக்கு வரும். தரைக்கட்டை அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து விடும். தூரத்தைக் கணக்குப் போட்டு உதவுகிறேன் என்று நான் குறுக்கே விழத் தேவையில்லை. கோச் சொன்னது ஒன்றே ஒன்று: "கழுத்துப்பட்டையைப் பிடிச்சுக்கோங்க, வேற எதுவும் செய்யாதீங்க." பழைய அங்கவடி வார் ஒன்றை அவள் கழுத்தில் மாட்டி, கட்டைக்கு முன்பே அதைப் பிடித்துக்கொள்வேன். தாண்டும்போது நான் பின்தங்கினாலும் அவள் வாய் இழுபடாது. நூறு வருஷத்துக்கு முன் வரை குதிரைப்படைக்காரர்கள் தாண்டும்போது பின்னால் சாய்ந்து கடிவாளத்தில் தொங்கினார்கள். இத்தாலிய ராணுவ அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி, ஆள் இல்லாத குதிரை எப்படித் தாண்டுகிறது என்று கவனித்துவிட்டு, குதிரையின் கழுத்தையும் முதுகையும் விடுதலை செய்து முன்னால் உட்காரும் முறையைக் கொண்டுவந்தார். அவர் இறந்தது 1907-இல். இத்தனை காலம் கழித்தும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வாரைக் கட்டித்தான் அதைச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வாரத்திலிருந்து வரிசை வளர்ந்தது. கிராஸுக்குப் பிறகு ஒரு ஸ்ட்ரைடு இடம் விட்டு ஒரு சின்ன வெர்டிகல் (நேர் செங்குத்துத் தடை), பிறகு இன்னொரு ஸ்ட்ரைடு விட்டு ஒரு குட்டி ஆக்ஸர் (முன்னும் பின்னுமாகக் கட்டை வைத்த அகலத் தடை). பெரிய குதிரையின் கேன்டர் (மிதமான பாய்ச்சல்) ஸ்ட்ரைடு சுமார் 3.6 மீட்டர். இறங்குவதற்கும் எழும்புவதற்கும் சேர்த்து இன்னொரு 3.6. போட்டிகளில் ஒரு ஸ்ட்ரைடு இடைவெளியை ஏழு மீட்டருக்குக் குறையாமல்தான் வைப்பார்கள். டிராட்டில் உள்ளே வந்தால் அவ்வளவு வேண்டாம், நாங்கள் ஐந்தரை மீட்டரில் ஆரம்பித்தோம். இந்த அளவு பிசகினால் பயிற்சியே பாழ். டேப்பால் அளக்காமல் காலால் அடி வைத்து அளந்த ஒருநாள் இடைவெளி குறைந்துபோய், செவலை ஆக்ஸரின் அடியில் போய்ச் சிக்கி, கட்டையோடு தாண்டினாள். அடுத்த இரண்டு நாள் தரைக்கட்டைக்கே தயங்கினாள். ஒரு வாரத்து வேலை போயிற்று. அன்றையிலிருந்து டேப் இல்லாமல் மைதானத்துக்குள் போவதில்லை.

அப்புறம் அந்த நீலம். தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் ஒன்றை சைஸ் அண்ணன் அவள் கொட்டடி வாசலில் படுக்கவைத்தார். முதல் நாள் மூக்கை விடைத்துக்கொண்டு பின் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டாம் நாள் டிரம் மேல் ஒரு பிடி ஊறவைத்த கொள்ளு. கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, கால்களை மட்டும் ஓடத் தயாராகப் பின்னால் வைத்துக்கொண்டு, உதட்டால் ஒன்றொன்றாகப் பொறுக்கினாள். நான்காம் நாள் டிரம்மைத் தலையால் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அதையே கிராஸின் இரண்டு பக்கமும் வைத்து நடுவில் இடைவெளி விட்டோம். வாரம் போகப் போக இடைவெளியைக் குறைத்தோம். நீலத் தார்ப்பாயை மடித்துத் தண்ணீர்த் தொட்டி மாதிரி விரித்ததும் இதே கதைதான், சீக்கிரம் முடிந்தது.

இந்த வழிக்குப் பணச் செலவு குறைவு. ஆனால் கீழே நின்று கட்டை ஏற்றி இறக்க ஒரு ஆள் தினமும் வேண்டும், பார்த்துச் சொல்ல வாரத்தில் ஒரு நாளாவது தெரிந்தவர் வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தாண்டவைக்கக் கூடாது. மற்ற நாட்களில் நடை, டிராட், வெளியே உலாத்தல். பங்குனி வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று காலை ஐந்தரைக்கே ஏறுவோம். இதையெல்லாம் மாதக்கணக்கில் செய்யப் பொறுமை இல்லாதவர் இதில் இறங்காமல் இருப்பது குதிரைக்கு நல்லது. இன்றைக்கு நன்றாகப் போகிறதே என்று கட்டையை இரண்டு படி உயர்த்துவார், அங்கே குதிரை நிற்கும், மறுபடி முதலிலிருந்து.

ட்ரெய்னரிடம் அனுப்புவது

பணம் இருந்தால் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். குதிரைக்கு மட்டும்தான் பிரச்சினை, உங்களுக்கு இல்லை என்றால் இது நல்ல வழி, வேகமான வழியும்கூட. நிதானமான கையும் சரியான கண்ணும் உள்ள ஒருவர், தயங்கும் குதிரைக்கு ஆறு வாரத்தில் கொடுக்கும் தைரியத்தை நான் ஆறு மாதத்தில் கொடுக்க முடியாது. இளம் குதிரை, ஜம்ப்பிங்கே புதிது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

ஆனால் இரண்டு சங்கடம். மாத லாயச் செலவு போதாதென்று அதே அளவு, சில இடங்களில் அதற்கு மேலும், பயிற்சிக் கட்டணம். இரண்டாவது, குதிரை நம்பக் கற்றுக்கொள்வது அந்தக் கையை. எனக்குத் தெரிந்த ஒருவர் குதிரை மூன்று மாதம் கழித்து ஒரு மீட்டர் தாண்டிக்கொண்டு திரும்பி வந்தது. இவர் ஏறிய இரண்டாவது வாரம் 70-இல் நின்றது. இவர் ட்ரெய்னரைத் திட்டினார். இவர் மூன்று மாதம் குதிரை ஏறவே இல்லை என்பது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

நான் இதிலிருந்து கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வாரத்தில் ஒருநாள் கோச் ஏறுவார், அதே தடைகளில், நான் கீழே நின்று பார்ப்பேன். அடுத்த நாள் நான். தைரியமான கையின் ருசி அவளுக்கு மறக்காமல் இருக்கும். நானும் பழக்கம் விடாமல் இருப்பேன். முழு அனுப்பலில் கால்வாசிச் செலவு.

அனுபவசாலிக் குதிரையில் நான் கற்பது

இதைச் சொன்னபோது ரோஷம் வந்தது. பிரச்சினை குதிரைக்கு, பாடம் எனக்கா? ஆனால் வீடியோ பார்த்த பிறகு ரோஷத்துக்கு இடமில்லை. எங்கள் ஸ்கூலில் இருபது வயதை எட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறக் கிழவர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 80 சென்டிமீட்டரைத் தூங்கிக்கொண்டே தாண்டுவார். வாரம் ஒருமுறை அவர்மேல் ஏறினேன். முதல் நாளே தெரிந்துவிட்டது. நான் தலை குனிந்தாலும் அவர் தாண்டினார், கை இழுத்தாலும் தலையை ஒரு உதறு உதறிவிட்டுத் தாண்டினார். என் தப்புக்குத் தண்டனை கிடைக்காததால் தப்பைக் கவனிக்க எனக்கு நேரம் கிடைத்தது. நாலாவது வாரம் தடைக்கு மேலாக, தூரத்தில் நிற்கும் வேப்பமரத்தைப் பார்த்தபடி தாண்டினேன்.

புதிதாகத் தாண்டக் கற்பவர், பயமும் இருக்கிறது, குதிரையும் தயங்கும் என்றால், ஐந்தில் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். தரைக்கட்டைக்கும் முன்னால்கூட. செலவும் கம்மி, ஒரு வகுப்புக் கட்டணம். குறை என்னவென்றால் அப்படியான குதிரை எல்லா இடத்திலும் கிடையாது. கிடைத்தாலும் அதன் வயதான காலுக்கு வாரத்தில் இத்தனை தாண்டல்தான் என்று கணக்கு இருக்கும், இருக்கவும் வேண்டும். இன்னொன்று, கிழவர் மன்னிக்கிறார் என்பதற்காக செவலை மன்னிக்க மாட்டாள். அங்கே கற்றதை இங்கே கொண்டுவர மறுபடி சின்னக் கிராஸிலிருந்துதான் வர வேண்டும்.

விற்பது, அல்லது வேலையை மாற்றுவது

இதைத் தோல்வி என்று பேசுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில குதிரைகளுக்குத் தாண்டப் பிடிக்காது. வலி இல்லை, நல்ல கை ஏறுகிறது, மாதக்கணக்கில் சின்னத் தடையில் பழக்கியாயிற்று, அப்பவும் ஒவ்வொரு தடையிலும் அதன் கண்ணில் வெள்ளை தெரிகிறது என்றால், விட்டுவிட வேண்டியதுதான். தாண்டாத குதிரைக்கு டிரெஸ்ஸாஜ் இருக்கிறது, தடை இல்லாமல் நடையையும் அசைவையும் நேர்த்தியாகச் செய்துகாட்டும் போட்டி. அது இரண்டாம்பட்ச வேலை என்று நினைப்பவர்கள் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டைப் பார்க்கட்டும்: குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது டிரெஸ்ஸாஜ் அணியால்தான்.

எதிர்ப்பக்கமாகவும் ஒரு கதை உண்டு. சிலியில் ரேஸில் எடுபடாத ஒரு தரோபிரெட்டை டிரெஸ்ஸாஜுக்குப் பழக்கிப் பார்த்து, அதுவும் சரிவராமல், கடைசியில்தான் தாண்டவிட்டார்கள். ஹுவாசோ என்று பெயர். 1949 பிப்ரவரி 5, வீன்யா தெல் மார் நகரில் கேப்டன் ஆல்பர்டோ லாராகிபெல் அதன்மேல் 2.47 மீட்டர் தாண்டினார். இன்றுவரை அந்தச் சாதனை முறியவில்லை. அன்றைக்கு முதல் முயற்சியில் ஹுவாசோவும் தாண்டவில்லை, மூன்றாவதில்தான் தாண்டியது. இதைச் சொல்வது உங்கள் குதிரையும் ஹுவாசோ ஆகும் என்பதற்காக அல்ல, ஆகாது. எந்த வேலை பிடிக்கும் என்பது குதிரையின் பிறப்புச் சான்றிதழில் எழுதியிருக்காது என்பதற்காக.

விற்பதாக முடிவெடுத்தால் நிற்கும் என்பதைச் சொல்லி விற்க வேண்டும். விலை குறையும், குறையட்டும். சொல்லாமல் விற்றால் வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு பதின்வயதுப் பிள்ளைக்காக வாங்குகிறார். என்னைப் போல் கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பிப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

என் கணக்கு

கடைசியில் நான் எடுத்த முடிவு கலவைதான்: வாரத்தில் ஒருநாள் கிழவர்மேல் நான், ஒருநாள் செவலைமேல் கோச், ஒருநாள் செவலைமேல் நான் சின்ன வரிசையில். மீதி நாள் தாண்டலே இல்லை. எட்டு வாரம் கெடு வைத்துக்கொண்டேன். எட்டு வாரத்தில் கோச்சுக்கும் நிற்கிறாள் என்றால் மருத்துவரை மறுபடி கூப்பிடுவது. கோச்சுக்குத் தாண்டி எனக்கு மட்டும் நிற்கிறாள் என்றால் நான் இன்னும் எட்டு வாரம் கிழவரிடம். இரண்டு பேருக்கும் தாண்டினாலும் 60-க்கு மேல் போகக் கூடாது. கெடுவும் அளவும் முதலிலேயே எழுதி லாயத்துச் சுவரில் ஒட்டியதால், நல்ல நாளில் ஆசைப்பட்டும் கெட்ட நாளில் வெறுத்தும் முடிவை மாற்ற முடியவில்லை. உங்கள் நிலைமை வேறாக இருந்தால் கலவையும் வேறாகும். நீங்கள் நன்றாகத் தாண்டுபவர், குதிரை மட்டும் புதிது என்றால் கிழவர் வேண்டாம், வரிசை மட்டும் போதும். வேலை நிமித்தம் வாரத்தில் ஒருநாள்தான் வர முடியும் என்றால் அனுப்பிவிடுவதுதான் நேர்மை, ஆனால் போய்ப் போய் அங்கேயே ஏறிப் பழகுங்கள்.

ஏழு மாதம் கழித்து அதே மைதானத்துக்குப் போனோம். இந்த முறை 70 சென்டிமீட்டர் வகுப்பு, சுற்றி முழுக்கப் பிள்ளைகள். நீலப் பலகை இந்தத் தடவை ஐந்தாவது ஜம்ப்பில் இருந்தது. செவலை பார்த்தாள், ஒரு ஸ்ட்ரைடு சுருங்கினாள், கழுத்துப்பட்டை என் விரலில் இறுகியது. அப்புறம் ஒரு மீட்டருக்கு எழும்பினாள், தேவையே இல்லாமல். என் வலது கால் அங்கவடியிலிருந்து கழன்றது. மீதி மூன்றை ஒற்றைக் காலோடு முடித்தேன், கடைசியில் ஒரு கட்டை விழுந்து நான்கு பெனால்டி.

அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சைஸ் அண்ணன் சொன்னார்: "இன்னைக்கு அது நிக்கப் பாக்கல சார். நீங்கதான் நிக்கப் பாத்தீங்க."

வண்டியில் வரும்போது வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது ஜம்ப்புக்கு இரண்டு ஸ்ட்ரைடு முன்னால் என் தலை குனிவது நன்றாகவே தெரிகிறது.